கை தூக்கிக் கணக்கெடுத்தால் உரிமை முடிவாகிவிடுமா?

நிழற்குடை எழுதியது:

எங்கள் அடுக்ககத்தில் நடந்த ஒன்றில் இருந்துதான் இந்தக் கேள்வி கிளம்பியது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். நுழைவாசலில் ஏழு படிகள். அப்பா சக்கர நாற்காலிக்கு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு சேர்த்துத் தூக்கி இறக்க வேண்டும். ஓரமாக ஒரு சாய்தளம் போட்டுக் கொடுங்கள் என்று சங்கத்தில் கேட்டேன். போடலாம், ஆனால் இரண்டு கார் நிறுத்துகிற இடம் போய்விடும், அதனால் பொதுக்குழுவில் வைப்போம், நாலு பேர் சொல்கிறபடி செய்வோம் என்றார் செயலாளர். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

கூட்டத்தில் கை தூக்கச் சொன்னார்கள். வேண்டும் என்று ஒன்பது கை, வேண்டாம் என்று முப்பத்தொரு கை. அப்பா கடைசி வரிசைக்கும் பின்னால் தூண் பக்கத்தில் இருந்தார், அவரும் கை தூக்கியிருந்தார். எண்ணிக்கொண்டே வந்த செயலாளர் அவர் முன்னால் நின்று, "சார், வீட்டுக்கு ஒரு ஓட்டுதான், உங்கள் பெண் தூக்கியாச்சே" என்றார். கோபமாகக்கூட இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பா கையை இறக்கிக்கொண்டார்.

எதிர்த்துக் கை தூக்கியவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் இரண்டு பேர் அப்பா விழுந்த ராத்திரி ஆம்புலன்ஸ் வரும்வரை கூடவே நின்றவர்கள்.

இதையே ஒரு நாட்டளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு சிறு கூட்டம் எந்தச் சாமியைக் கும்பிடலாம், எந்த மொழியில் அரசாங்கத்துக்கு எழுதலாம், யாரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்பதை மீதிப் பேர் எல்லோரும் ஓட்டுப் போட்டு முடிவு செய்வது சரியா? எனக்குத் தப்பென்றே படுகிறது. ஏன் தப்பு என்று கேட்டால் கோர்வையாகச் சொல்ல வரவில்லை. அதற்குத்தான் இங்கே போடுகிறேன்.

கணக்குவாத்தியார் எழுதியது:

உங்கள் செயலாளர் செய்தது மகா மட்டமான காரியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு ஓட்டையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

சரி, ஓட்டு வேண்டாம். அப்புறம் யார் முடிவு செய்வது? ஓட்டை எதிர்க்கிறவர்கள் இந்த ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை. மக்கள் கையில் இருந்து பிடுங்கினால் அது ஏதோ தர்மதேவதையின் மடியில் போய் விழும் என்று ஒரு நினைப்பு. விழுவது இன்னும் ஐந்தாறு மனிதர்கள் கையில்தான், அவர்களை நாம் ஏற்றவும் இல்லை, இறக்கவும் முடியாது. 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாக இருக்கவே முடியாது என்று ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சொன்னது எந்தக் கலவரக் கும்பலும் இல்லை, உச்ச நீதிமன்றம். 1944இல் ஜப்பானிய வம்சாவளியினரை அவர்கள் வீடுகளில் இருந்து வெளியேற்றிய ஆணை செல்லும் என்று கொரமட்சு வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம். இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல், ஒருபாலுறவைக் குற்றமாக்கிய 377ஆவது பிரிவுக்கு மறுபடி உயிர் கொடுத்தபோது, இதனால் பாதிக்கப்படுகிறவர்கள் மக்கள்தொகையில் மிகச் சிறு பகுதிதானே என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். பெரும்பான்மை செய்கிற அதே தலைக்கணக்குதான், கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு செய்தது, அவ்வளவே.

இந்தப் பக்கம் பாருங்கள். சுவிட்சர்லாந்தில் ரொமான்ஷ் மொழி பேசுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் தேறினால் அதிகம். 1938இல் அதைத் தேசிய மொழியாக ஏற்கலாமா என்று நாடு முழுக்கக் கேட்டார்கள், 90 சதவீதத்துக்கு மேல் ஆமாம் என்றார்கள். ஆஸ்திரேலியாவில் 1967இல் பழங்குடி மக்களை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்காமல் விட்ட அரசியலமைப்பு வரியை நீக்க 90.77 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். அயர்லாந்தில் 2015இல் ஒருபால் திருமணத்துக்கு 62 சதவீதம். மக்களை நம்பாதவர்கள் இந்த மூன்றையும் எந்தப் பெட்டியில் வைப்பீர்கள்?

சுண்டெலி எழுதியது:

வாத்தியார் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகளை மட்டும் மேடைக்குக் கூப்பிட்டு மாலை போடுகிறார். ஃபெயிலானவர்கள் வெளியே நிற்கிறார்கள், நான் கூட்டி வருகிறேன்.

அதே சுவிட்சர்லாந்து. 1866இல் யூதர்கள் நாட்டில் எங்கு வேண்டுமானாலும் குடியிருக்கலாம் என்று ஓட்டுப் போட்டுக் கொடுத்தார்கள், 53 சதவீதம்தான், மயிரிழையில் தப்பியது. 25 வருடம் கழித்து, 1891இல், மக்களே கையெழுத்துத் திரட்டி நேரடியாக ஒரு விஷயத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரலாம் என்ற வசதி புதிதாக வந்தது. கையில் கிடைத்த புத்தம்புது ஆயுதத்தை முதல்முதலில் எதற்குப் பயன்படுத்தினார்கள் தெரியுமா? 1893இல், யூதர்கள் தங்கள் மத முறைப்படி கால்நடையை அறுக்கக் கூடாது என்று தடை போட. 60 சதவீதம். மிருகங்கள் மேல் கருணை என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள், யூத வெறுப்பு உள்ளே ஓடிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

2009இல் பள்ளிவாசல் மினார் கட்டத் தடை, 57.5 சதவீதம். அப்போது நாடு முழுக்க இருந்த மினார்கள் மொத்தம் நாலு. நாலே நாலு! முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிற ஜெனீவாவும் பாசல் நகரமும் இந்தத் தடை வேண்டாம் என்றன. முஸ்லிம்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும் என்ற நிலையில் இருந்த அப்பென்செல் இன்னர்ரோடன் மாகாணத்தில் 71 சதவீதம் வேண்டும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பயமில்லை, பார்த்தே இராதவனுக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம் உங்கள் ரொமான்ஷ் கதை. அந்த நேரத்தில் முசோலினியின் இத்தாலி, ரொமான்ஷ் தனி மொழியே இல்லை, இத்தாலியின் கிளைப்பேச்சு என்று சொல்லி அந்த மலைப்பகுதிமேல் கண் வைத்திருந்தது. அதற்குப் பதிலடியாகத்தான் நாடே திரண்டது. கொடுத்ததும் தேசிய மொழி என்ற பட்டம், ஆட்சிமொழி இடம் இல்லை. செலவில்லாத இடத்தில் பெரும்பான்மை தாராளமாகவே இருக்கும், நான் மறுக்கவில்லை. இன்னொன்று, 1938இல் அங்கே ஓட்டுப் போட்டது ஆண்கள் மட்டும். பெண்களுக்கு ஓட்டுக் கொடுக்கலாமா என்று 1959இல் அந்த ஆண்களிடமே கேட்டு, 67 சதவீதம் பேர் வேண்டாம் என்று சொல்லி, 1971 வரை இழுத்தடித்தார்கள். பெண்கள் சிறுபான்மைகூட இல்லை. ஓட்டு இல்லாதவர்களின் தலையெழுத்தை ஓட்டு இருக்கிறவர்கள் எழுதினால் இதுதான் கதி.

நேர்பேச்சு எழுதியது:

எப்போது பார்த்தாலும் சிறுபான்மை சிறுபான்மை. பெரும்பான்மை என்றால் என்ன ரவுடிக் கூட்டமா, எங்களுக்கு மனசாட்சி கிடையாதா? எங்கள் வரியில் ஓடுகிற நாட்டில் எங்கள் விருப்பத்தைச் சொல்லக்கூட உரிமை இல்லை என்றால் தேர்தல் எதற்கு, எல்லாவற்றையும் மூடிவிட்டு வழக்கறிஞர்களிடம் கொடுத்துவிடலாமே.

தூரத்துமணி எழுதியது:

நேர்பேச்சு, தேர்தலில் தோற்றவன் ஏன் சண்டை போடாமல் வீட்டுக்குப் போகிறான் என்று யோசித்திருக்கிறீர்களா? ஐந்து வருடம் கழித்து மறுபடி வரும், அப்போது நாம் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கையில். போன முறை உங்கள் கட்சிக்குப் போட்டவர் இந்த முறை மாற்றிப் போடுவார். அந்த மாறுகிற கூட்டம் இருக்கிறவரைக்கும்தான் ஓட்டு நியாயமான விளையாட்டு. தாய்மொழி, தோல், பிறந்த வீடு இவற்றை வைத்து ஓட்டெடுத்தால் மாறுகிற கூட்டம் எங்கே இருந்து வரும்? அடுத்த தேர்தலுக்குள் பத்து லட்சம் பேர் வேறு தாய்மொழிக்குப் பிறந்துவிடுவார்களா?

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பேசுகிற விஷயம். இலங்கையில் 1956 தேர்தல். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று பண்டாரநாயக்க சொன்னார், எதிரில் இருந்த ஐக்கிய தேசியக் கட்சியும் தேர்தலுக்கு முன்னால் அதே பக்கம் சாய்ந்துவிட்டது. தமிழ் பேசுகிறவன் யாருக்குப் போட்டாலும் ஆட்சிக்கு வருவது அந்தச் சட்டம்தான். பெயருக்கு அது பொதுவாக்கெடுப்பு இல்லை, பாராளுமன்றத் தேர்தல். நடந்தது ஒரு மொழியின் தலைவிதிமேல் வாக்கெடுப்பு.

அதற்கு முன்னாலேயே இன்னொன்று நடந்துவிட்டது, அதை யாரும் அதிகம் சொல்வதில்லை. 1947 தேர்தலில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்ட மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் 1952 தேர்தலில் பட்டியலிலேயே இல்லை. 1948 குடியுரிமைச் சட்டமும் அதற்கு அடுத்து வந்த சட்டங்களும் அவர்களை வெளியே தள்ளின. பெரும்பான்மை கை தூக்கி முடிவு செய்யலாம் என்று விட்டால் அது முதலில் முடிவு செய்வது, அடுத்த முறை யார் யார் கை தூக்கலாம் என்பதைத்தான். நிழற்குடையின் அப்பாவிடம் செயலாளர் சொன்னதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

பாதிவழி எழுதியது:

இரண்டு பக்கமும் சரியாகத்தான் பேசுகிறீர்கள், ஆனால் வேறு வேறு விஷயத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று படுகிறது.

எம்மன் என்று ஒரு சுவிஸ் ஊர். அங்கே யாருக்குக் குடியுரிமை கொடுப்பது என்பதையே ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்தார்கள், ஒவ்வொரு விண்ணப்பமாக. விண்ணப்பித்தவர்களைப் பற்றிய விவரங்களை அச்சடித்து வீடுவீடாக அனுப்பி, பார்த்து டிக் போடுங்கள் என்றார்கள். 2000ஆம் ஆண்டு மார்ச்சில் 56 பேர் விண்ணப்பம் வந்தது. தேறியது எட்டுப் பேர், எட்டுப் பேரும் இத்தாலியர். தள்ளப்பட்ட 48 பேரில் பெரும்பாலோர் முன்னாள் யூகோஸ்லாவியாவில் இருந்து வந்தவர்கள். 2003இல் சுவிஸ் உச்ச நீதிமன்றம் இந்த முறை செல்லாது என்றது. காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒருவருக்கு உரிமையை மறுத்தால் ஏன் மறுக்கிறோம் என்று அவரிடம் சொல்ல வேண்டும், பெட்டிக்குள் விழுகிற சீட்டால் காரணம் சொல்ல முடியாது என்றார்கள். நல்ல அதிகாரியோ மோசமான அதிகாரியோ, ஒரு காகிதத்தில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அதை எடுத்துக்கொண்டு மேலே போய் இது தப்பு என்று முறையிட முடியும். பத்தாயிரம் பேர் ரகசியமாகப் போட்ட சீட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவது?

அதனால் என் யோசனை: உரிமையைக் கூட்டுவதற்கு ஓட்டு வைக்கலாம், குறைப்பதற்கு வைக்கக் கூடாது. ஏணியில் ஏறலாம், இறங்குவதற்கு மட்டும் பூட்டு.

கணக்குவாத்தியார் எழுதியது:

பாதிவழி, எம்மன் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள், பெயருக்கேற்ற மாதிரி. நீதிமன்றம் நிறுத்தியதும் ஒரு கட்சி கொதித்தெழுந்து, குடியுரிமையை ஓட்டுக்கு விடுகிற அதிகாரத்தை ஊர்களுக்குத் திருப்பிக் கொடு என்று நாடளவில் வாக்கெடுப்புக் கொண்டுவந்தது, 2008இல். மக்கள் என்ன சொன்னார்கள்? 64 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தங்கள் கைக்கு வரவிருந்த அதிகாரத்தைத் தாங்களே மறுத்தார்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தனி ஒரு ஆளின் விவகாரத்தை ஓட்டுக்கு விடக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன், அது பஞ்சாயத்து இல்லை, கல்லெறிதல். நான் சொல்வது பொது விதிகளை. அதற்கு மக்கள் வேண்டும்.

அந்த ஏணிக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. கூட்டுவது எது, குறைப்பது எது என்று யார் சொல்வது? ஒரு சமூகத்துக்குச் சட்டசபையில் இடம் ஒதுக்கினால் அவர்களுக்குக் கூடுகிறது, அந்தத் தொகுதியில் நிற்க நினைத்த மற்றவர்களுக்குக் குறைகிறது. மத நிறுவனம் நடத்துகிற பள்ளிக்கு ஆசிரியரைத் தங்கள் மதத்தில் மட்டும் எடுக்கும் உரிமை கொடுத்தால் அந்த நிறுவனத்துக்குக் கூடுகிறது, வேலை தேடுகிற ஆசிரியைக்குக் குறைகிறது. சிறுபான்மைக்குள்ளேயே இன்னொரு சிறுபான்மை இருக்கும், அதன் தலைவர்கள் கேட்பதும் அதில் உள்ள பெண்கள் கேட்பதும் ஒன்றாக இருக்காது. இதை எல்லாம் எடைபோட்டு முடிவு செய்ய எந்த வாய்ப்பாடும் இல்லை. கடைசியில் யாரோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். அந்த யாரோவை நான் கேள்வி கேட்கிற இடத்தில் வைத்திருக்க விரும்புகிறேன்.

தப்புப் பண்ணினால் மக்கள் திருத்திக்கொள்ளவும் செய்வார்கள். கலிஃபோர்னியாவில் 2008இல் ஒருபால் திருமணத்தை 52 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டு நிறுத்தினார்கள். 2024இல் அதே மாநிலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் ஓட்டுப் போட்டு அந்த வரியை அரசியலமைப்பில் இருந்து எடுத்தார்கள்.

சுண்டெலி எழுதியது:

பதினாறு வருடம் வாத்தியாரே. 2008இல் முப்பது வயதில் காத்திருந்தவருக்கு 2024இல் நாற்பத்தாறு. நடுவில் 2013இலேயே நீதிமன்றம் வழியாக அங்கே திருமணங்கள் மறுபடி தொடங்கிவிட்டன, 2024இல் மக்கள் செய்தது செத்துப்போன வரியை அடக்கம் செய்தது. நல்ல காரியம்தான், ஆனால் உயிர் காப்பாற்றிய டாக்டர் அவர்கள் இல்லை.

அடக்கம் செய்வதுகூட எவ்வளவு கஷ்டம் என்று அலபாமாவைக் கேளுங்கள். கறுப்பர் வெள்ளையர் கலப்புத் திருமணத்தைத் தடுக்கிற சட்டங்கள் செல்லாது என்று 1967இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, லவ்விங் வழக்கு. அலபாமா அரசியலமைப்பில் மட்டும் அந்த வரி உயிரில்லாமல் கிடந்தது. 33 வருடம் கழித்து, 2000இல், இதை எடுத்துவிடலாமா என்று மக்களிடம் கேட்டார்கள். சுமார் 40 சதவீதம் பேர், வேண்டாம் இருக்கட்டும் என்று போட்டார்கள். யாருக்கும் ஒரு பைசா நஷ்டம் இல்லை, ஒரு மாற்றமும் நடக்கப்போவதில்லை, அப்போதும். 1967இல் நீதிமன்றம் மக்களின் மனமாற்றத்துக்காகக் காத்திருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள், நீங்கள்தான் கணக்கு வாத்தியார்.

தூரத்துமணி எழுதியது:

தனி ஆளின் விவகாரம் வேறு, பொது விதி வேறு என்று வாத்தியார் பிரித்தார். அந்தக் கோடு அவ்வளவு சுத்தமாக இல்லை. ஆட்சிமொழிச் சட்டம் பொது விதிதான், ஆளைப் பெயர் சொல்லி அடிக்கவில்லை. அது போய் விழுந்தது கோடீஸ்வரன் என்ற ஓர் அரசாங்க எழுத்தர்மேல். அவர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுத மறுத்தார், 1962இல் அவருடைய வருடாந்தரச் சம்பள உயர்வை நிறுத்திவிட்டார்கள். பெரிய புரட்சியாளர் எல்லாம் இல்லை, வழக்குப் போட்டார். அந்தக் காலத்து அரசியலமைப்பில் 29ஆவது பிரிவின் இரண்டாவது உட்பிரிவு என்று ஒன்று இருந்தது. மற்ற சமூகங்களுக்கு இல்லாத சுமையை ஒரு சமூகத்தின்மேல் மட்டும் ஏற்றுகிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று அது சொன்னது. 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நாடே ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டத்துக்கு எதிராக ஒரு எழுத்தர் நின்று, ஒரு நீதிபதி "நீ சொல்வது சரி" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு இடத்துக்காகத்தான் நான் நீதிமன்றம் வேண்டும் என்கிறேன்.

கணக்குவாத்தியார் எழுதியது:

தூரத்துமணி, உங்களிடம் இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த வழக்கின் மீதியையும் சொல்லுங்கள். 1967இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் புரட்டியது, அதுவும் எப்படி? மொழிச் சட்டம் சரியா தப்பா என்ற பேச்சுக்கே போகாமல், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசாங்கத்தின்மேல் வழக்கே போட முடியாது என்று சொல்லி முடித்துவிட்டார்கள். 1969இல், அப்போது இலங்கை வழக்குகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு இடமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில், இல்லை வழக்குப் போடலாம், மொழி விஷயத்தை நீங்களே விசாரியுங்கள் என்று திருப்பி அனுப்பியது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகிற வழியையே அடைத்தார்கள். 1972இல் புது அரசியலமைப்பு வந்தது, அந்த 29ஆவது பிரிவு அதில் இல்லவே இல்லை. பத்து வருடம் படியேறியும் அசல் கேள்விக்குக் கடைசிவரை பதில் வரவில்லை.

மலையக மக்கள் வழக்கிலும் அதே 29ஆவது பிரிவை எடுத்துக்கொண்டு பிரிவி கவுன்சில் வரை போனார்கள், 1953இல் குடியுரிமைச் சட்டம் செல்லும் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்கள்.

நான் சொல்ல வருவது இதைத்தான். ஊர் மனசு மாறாத இடத்தில் காகிதத்தில் எழுதிய சுவர் நிற்காது. மழை வந்தால் கரையும், இல்லை என்றால் பெரும்பான்மையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். எப்படிச் சுற்றி வந்தாலும் கடைசியில் மக்களிடம் போய்ப் பேசி ஒத்துக்கொள்ள வைக்கிற வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். அயர்லாந்தில் அதைச் செய்தார்கள். மாதக்கணக்கில் வீடுவீடாகக் கதவைத் தட்டினார்கள். அப்படி வாங்கிய உரிமையை நாளைக்கு வருகிற எந்தக் கட்சியும் லேசில் தொடாது.

தூரத்துமணி எழுதியது:

சொன்ன விவரம் எல்லாம் சரி, மறுக்க ஒன்றும் இல்லை. காவல் இல்லாத சுவர் பிரயோசனம் இல்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதில் இருந்து நீங்கள் எடுக்கிற முடிவுதான் எனக்கு விளங்கவில்லை. பூட்டை உடைத்துத் திருடிவிட்டான், அதனால் இனிமேல் கதவைத் திறந்தே வைத்துத் திருடனின் மனசை மாற்றுவோம் என்கிற மாதிரி இருக்கிறது. சுலபமாக இடிக்க முடிந்த சுவர் என்றால் இன்னும் கனமாகக் கட்ட வேண்டும்.

ஊரைப் பேசி ஒத்துக்கொள்ள வை என்கிறீர்கள். பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிட்ட பிறகு எந்த வேட்பாளர் வந்து அவர்கள் வாசலில் நிற்பார்?

பாதிவழி எழுதியது:

வாத்தியார் கேட்டதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை, கூட்டுவதும் குறைப்பதும் பல இடத்தில் கலந்துதான் கிடக்கும். ஏணியை நான் கொஞ்சம் இறக்கி வைக்கிறேன். ஆனால் கலக்காத இடங்களும் இருக்கின்றன. ஸ்லோவேனியா தனி நாடானதும், யூகோஸ்லாவியாவின் மற்ற பகுதிகளில் இருந்து வந்து அங்கேயே வாழ்ந்துகொண்டிருந்த 25,671 பேரின் பெயரை 1992 பிப்ரவரியில் குடியிருப்போர் பதிவேட்டில் இருந்து அப்படியே அழித்துவிட்டார்கள். பலருக்குக் கடிதம்கூட வரவில்லை, ஏதோ ஒரு காகிதத்துக்காக அலுவலகத்துக்குப் போனபோதுதான் தாங்கள் அழிக்கப்பட்டவர்கள் என்றே தெரிந்தது. அரசியலமைப்பு நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்று சொல்லி, திருப்பிச் சேர்க்கச் சொன்னது. அதற்கான சட்டத்தை 2004இல் வாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். வந்து ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். வந்ததே வாக்காளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கோபக்காரர்கள் மட்டும் வந்தார்கள், மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தார்கள். அழித்தது தப்பு என்று தீர்ப்பான பிறகும் திருப்பிக் கொடுக்கலாமா என்று ஊரைக் கேட்பது எந்தக் கணக்கிலும் வராது. இதில் எடைபோட என்ன இருக்கிறது?

கணக்குவாத்தியார் எழுதியது:

ஒன்றும் இல்லை. ஸ்லோவேனியா விஷயத்தில் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். ஏற்கெனவே இருந்ததைப் பறித்து, பறித்தது தப்பு என்று தீர்ப்பும் வந்த பிறகு, திருப்பித் தருவதற்கு ஓட்டு என்றால் அது அசிங்கம். ஆனால் புதிதாக ஒன்றைக் கேட்கிற இடத்தில் கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும் என்ற என் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

நிழற்குடை, நீங்கள் ஆரம்பித்துவிட்டுக் காணாமல் போய்விட்டீர்கள். சாய்தளம் என்ன ஆனது? கூட்டத்துக்கு முன்னால் வீடுவீடாகப் போய்ப் பேசிப் பார்த்தீர்களா?

நிழற்குடை எழுதியது:

எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாய்தளம் வந்துவிட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டத்தின் கீழ் புகார் கொடுத்தேன், எட்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது, சங்கம் முனகிக்கொண்டே கட்டியது. மூன்று மாதம் மின்தூக்கியில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை, வாத்தியார் சொல்கிற அந்த ஊர் மனசு விஷயம் உண்மைதான். இப்போது வீடு மாறுகிறவர்களின் பீரோ, குழந்தை வண்டி எல்லாம் அதில்தான் ஏறி இறங்குகிறது.

வீடுவீடாகப் போனேன். கூட்டத்துக்கு முந்தின வாரம் பன்னிரண்டு வீடு ஏறினேன். ஒவ்வொரு வீட்டிலும் சோபா நுனியில் உட்கார்ந்து, அப்பாவுக்கு இடுப்பு எலும்பு எங்கே உடைந்தது, ஏன் இனிமேல் நடக்க மாட்டார், ஒரு நாளைக்கு எத்தனை முறை வெளியே போக வேண்டியிருக்கிறது என்று விளக்கினேன். டிவியை நிறுத்தாமல் கேட்டவர்கள் உண்டு. ஒருவர், "அவருக்கு எழுபத்தெட்டு ஆகிறதே, வெளியே போய் என்ன செய்யப் போகிறார்" என்று கேட்டார், நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நாலாவது மாடியில் ஒருவர் டாக்டர் ரிப்போர்ட் இருந்தால் காட்டுங்கள் என்றார். கீழே போய் எடுத்துவந்து காட்டினேன், கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார். அயர்லாந்தில் கதவு தட்டினார்கள், 62 சதவீதம் கிடைத்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தச் சோபா நுனிதான் ஞாபகம் வந்தது. அவர்களும் முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று, நான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டிருப்பார்கள். அந்த வாசலுக்குள்ளே இருந்தவர் தன் கல்யாணத்துக்கு யாரையும் கேட்டிருக்க மாட்டார்.

ஏன் தப்பு என்று கோர்வையாகச் சொல்ல வரவில்லை என்று முதலில் எழுதியிருந்தேன். இப்போதும் வரவில்லை, ஆனால் எனக்கு உறுத்தியது தோற்றது இல்லை, கேட்க வேண்டியிருந்தது.

கணக்குவாத்தியார் எழுதியது:

டாக்டர் ரிப்போர்ட் கேட்ட அந்த நாலாவது மாடிக்காரர், கூட்டத்தில் எந்தப் பக்கம் கை தூக்கினார்?

நிழற்குடை எழுதியது:

வேண்டும் என்ற பக்கம். அந்த ஒன்பது கையில் ஒன்று அவருடையது.